சகலை வண்டியின் மஞ்சள் விளக்கு

சகலை புது பிக்கப் எடுத்தபோது எனக்கு வயிறு எரிந்தது. சந்தோஷம்தான், ஆனாலும் மனசின் ஓரத்தில் கொஞ்சம் என்றெல்லாம் பூசி மெழுக மாட்டேன். நன்றாகவே எரிந்தது. அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், என்னைவிட ஒன்பது வயது இளையவன். குமாரபாளையத்தில் ஆறு தறி போட்டுத் துண்டு நெய்கிறான். நெய்த துண்டை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் போடச் சொந்த வண்டி வேண்டும் என்று எடுத்தான். அதற்கு முன் அவன் ஓட்டியதெல்லாம் ஒரு ஸ்கூட்டர். லைசென்ஸ் அட்டையில் பிளாஸ்டிக் வாசம்கூடப் போயிருக்கவில்லை.

நானோ பதினாறு வருஷமாக முட்டை வண்டி ஓட்டுகிறவன். நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் ஏற்றி சேலத்துக் கடைகளில் இறக்குகிறேன். முட்டை வண்டிக்காரனுக்கு உடைசல் இல்லாமல் இறக்குவது ஒன்றுதான் மரியாதை. அதற்குக் கால் பழக வேண்டும். பிரேக்கை மிதிக்கக் கூடாது, தொட வேண்டும். ஆனால் உண்மையான சோதனை லோடு இறக்கிவிட்டுக் காலி முட்டை அட்டைகளோடு திரும்பும்போதுதான். பிக்கப்புக்கு எடையெல்லாம் முன்னால், உந்துகிற சக்கரம் பின்னால். லோடு இல்லாவிட்டால் பின்பக்கம் தக்கையாகிவிடும். முதல் மழையில் ரோட்டு எண்ணெய் மேலே மிதக்கும்போது ஒரு வளைவில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் போதும், வால் முன்னால் வந்து முகம் பின்னால் போய்விடும். இது நடக்காமல் இருக்கத்தான் பின்சக்கரத்துக்கு நேர் மேலே இரண்டு மணல் மூட்டைகளை எப்போதும் போட்டு வைத்திருக்கிறேன். வால் நழுவினால் எந்தப் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும், எப்போது காலை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் என் இடுப்புக்குத் தெரியும். யோசித்துச் செய்கிற காரியமில்லை அது.

இந்த ஞானத்துக்கு மாமனார் வீட்டில் ஒரு மரியாதை இருந்தது. அங்கே யார் புது வண்டி எடுத்தாலும் எலுமிச்சம்பழத்தின் மேல் முதலில் ஏற்றி இறக்குவது நான்தான். மூத்த மாப்பிள்ளை, அதிலும் டிரைவர், கைராசிக்காரர். அந்த வழக்கப்படிதான் சகலையின் வண்டியை எடுக்க ஷோரூமுக்கு நானும் போனேன்.

அங்கே ஒரு பெண் வண்டியைப் பற்றி விளக்கினாள். சகலை அப்போது மாலை போட்டுக்கொண்டு, தெர்மாகோலில் செய்த பெரிய சாவியைப் பிடித்தபடி போட்டோவுக்கு நின்றிருந்தான். கேட்டது நான் ஒருவன்தான். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பட்டன். ஒரு காரும் அதன் பின்னால் இரண்டு நெளிந்த கோடுகளும் அதில் வரைந்திருந்தன. எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் என்றாள். ஒரு சக்கரம் பிடிமானம் இல்லாமல் சுற்றினால் வண்டியே இன்ஜின் வேகத்தைக் குறைத்து அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். வால் நழுவினால் எந்தச் சக்கரத்தைப் பிடித்தால் வண்டி நேராகுமோ அதைப் பிடிக்கும். அது வேலை செய்யும்போது மஞ்சள் விளக்கு சிமிட்டும். பட்டனை அமுத்தினால் ஆஃப் ஆகிவிடும். சேற்றிலோ மணலிலோ மாட்டிக்கொண்டால் மட்டும் அப்படி ஆஃப் செய்யலாம், ரோட்டில் ஆனில்தான் இருக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னாள். இன்ஜினை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் தானாகவே ஆன் ஆகிவிடுமாம். நான் தலையாட்டினேன். ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு நினைவிருக்கிறது, அதுதான் இந்தக் கதையில் என் குற்றம்.

அந்த வாரமே ஒரு தூறல் நாளில், டிரையல் பார்க்கிறேன் என்று வண்டியை வாங்கிக்கொண்டு தனியாகப் போனேன். ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் வேண்டுமென்றே ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பினேன். வால் நழுவத் தொடங்கியது. என் இடுப்பு உஷாராவதற்குள் கடகடவென்று காலடியில் ஒரு சத்தம், விளக்கு நாலு தடவை சிமிட்டியது, வண்டி ஒன்றும் நடக்காத மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு தடவை செய்து பார்த்தேன். அதேதான். பதினாறு வருஷத்தில் இரண்டு தடவை பள்ளத்தில் இறங்கி, ஒரு தடவை காலை உடைத்துக்கொண்டு நான் கற்றதை இந்த டப்பா பிறக்கும்போதே தெரிந்து வைத்திருந்தது. அதைவிடக் கொடுமை, அது இருந்தால் என் சகலைக்கு நான் கற்றது எதுவும் தேவையில்லை.

பத்து நாள் கழித்து மாமியார் அவன் வண்டியில் பவானிக்குக் கோயிலுக்குப் போய்விட்டு மழையோடு திரும்பி வந்தார். எல்லோரும் இருக்கும்போது, சின்னவர் ஓட்டினால் அலுங்காமல் போகிறது, பெரியவர் வண்டியில் போனால் குடல் குலுங்குகிறது என்றார். என் மனைவி சிரித்தாள். சும்மா சிரித்திருந்தாலும் பரவாயில்லை, ஆமாம் என்று தலையை வேறு ஆட்டினாள்.

அடுத்த வாரம் மாமனார் தோட்டத்தில் மரவள்ளிக் கிழங்கு ஏற்ற வந்த சகலை, களிமண்ணில் மாட்டிக்கொண்டான். எவ்வளவு அழுத்தினாலும் இன்ஜின் முனகியதே தவிர சக்கரம் சுற்றவில்லை. மஞ்சள் விளக்கு விடாமல் சிமிட்டியது. வண்டியில் கோளாறு என்று நினைத்து அவன் முகம் வெளுத்துவிட்டது. நான் போய் உட்கார்ந்து பட்டனை அமுத்தினேன். சக்கரம் சேற்றை வாரி இறைத்தது. முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று ஊஞ்சல் மாதிரி ஆட்டி மேலே ஏற்றிவிட்டேன். மாமனார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் தலையசைப்பு அது.

அந்த ருசியில் இருந்தேன். அப்போதுதான் சகலை பக்கத்தில் வந்து கேட்டான்.

"ஏனுங்ணா, ரோட்டுக்குப் போனா இத மறுபடி ஆன் பண்ணிக்கோணுங்களா?"

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும்.

"வேண்டாம் சகல. எப்பவும் அமுத்தியே வெய்யி. ஓட்டத் தெரியாதவனுக்குத்தான் அது."

அவன் வண்டி கவிழ்ந்து விபத்தாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவன் வண்டியும் குலுங்க வேண்டும், ஒரு தடவையாவது வால் ஆடி அவன் பயப்பட வேண்டும், மாமியார் அதைப் பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். இதை எழுதும்போது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அவன் என் சொல்லை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். சாவியைத் திருகுவான், டேஷ்போர்டில் இருக்கிற முருகனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான், பட்டனை அமுத்துவான். மூன்று வாரம் இதை என் கண்ணால் பார்த்தேன். மழை இல்லாத நாட்கள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திருச்செங்கோடு பக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், நீங்கள் சொன்னபடிதான் ஓட்டுகிறேன் என்பான். அப்படியே ஓட்டு என்பேன் நானும்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவனும் கொழுந்தியாளும் காலையில் ஆத்தூரில் துண்டு மூட்டைகளை இறக்கிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பதினொரு மணிக்கு மேல் வானம் கறுத்தது. பல நாள் காய்ந்து கிடந்த ரோட்டில் மழை பெரிய பெரிய சொட்டாக விழுந்தது. மனைவி அடுப்படியிலிருந்து, சேலம் தாண்டிவிட்டார்களாம், காலி வண்டிதானே, சீக்கிரம் வந்துவிடுவார்கள் என்றாள்.

காலி வண்டி. வாசலில் நின்ற என் வண்டியின் மணல் மூட்டைகள் நனைந்துகொண்டிருந்தன. அவன் வண்டியில் மூட்டை இல்லை. புது வண்டிக்கு எதற்கு என்று அவன் போடவில்லை. வழுக்கினால் பார்த்துக்கொள்ள வேண்டியதை நான் அமுத்தி வைக்கச் சொல்லியிருந்தேன்.

அவனுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. கொழுந்தியாளுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. ஐந்தாவது தடவைக்கு மேல் பொறுக்க முடியாமல் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இந்த மழையில் எங்கே என்று மனைவி கேட்பதற்குள் வண்டி தெருவுக்கு வந்திருந்தது. சங்ககிரி ரோட்டில் ஒவ்வொரு வளைவு வரும்போதும் பள்ளத்தைப் பார்த்தபடியே ஓட்டினேன். எனக்கு வேண்டிக்கொள்ளத் தெரியாது. கொழுந்தியாளாவது பிழைத்திருக்கட்டும் என்று மனசு ஓடியது. உடனே ச்சீ என்று ஆனது.

பாதி தூரத்தில் எதிரே அவன் வண்டி வந்தது. ஆமை வேகத்தில், விளக்கைப் போட்டுக்கொண்டு, முழுசாக. நான் கையைக் காட்டி நிறுத்தினேன். சகலை இறங்கி வந்தான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, தப்புப் பண்ணிப்போட்டனுங்க. சங்ககிரில டீ குடிச்சுப்போட்டு வண்டிய எடுத்தமுங்க, பட்டன அமுத்த மறந்துட்டேன். ஏரி வளைவுல குறுக்க ஆடு வந்திருச்சு. திருப்புனேன், பின்னாடி அப்பிடியே இழுத்துட்டுப் போயிருச்சுங்க. மஞ்ச வெளக்கு பட்டுபட்டுன்னு அடிச்சுது. எப்பிடி நேரா நின்னுதுன்னே தெரியலீங்க. நீங்க சொன்னத மறந்ததுக்குத்தான் இப்பிடி ஆயிருச்சு."

கேபினில் கொழுந்தியாள் ஆத்தூரில் வாங்கிய சாத்துக்குடிப் பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி இறங்கியிருந்தது. எல்லாம் அவளுக்கும் கேட்டது. அவர்கள் உயிரோடு இருந்ததற்குக் காரணம் அவன் என் பேச்சைக் கேட்க மறந்தது. அதற்கு அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இனி அந்தப் பட்டன ரோட்டுல தொடாத சகல," என்றேன். "நான் சொன்னது தப்பு. சேத்துல மாட்டுனா மட்டுந்தான் அமுத்தோணும். அது ஆன்ல இருந்ததாலதான் வண்டி நின்னுது."

அவன் என்னைப் பார்த்தான். சந்தேகமாகப் பார்க்கவில்லை, புரிந்துகொள்ளப் பார்த்தான்.

"தெரியாமச் சொல்லிப்போட்டீங்களா அண்ணா?"

தெரிந்து சொன்னேன் என்றால் நான் அயோக்கியன். தெரியாமல் சொன்னேன் என்றால் பதினாறு வருஷம் ஓட்டியும் ஒன்றும் தெரியாதவன். மூன்றாவதாக ஒன்று இருக்கிறதா என்று தேடினேன். கொழுந்தியாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாமத்தான்," என்றேன்.

முதலில் சிரித்தது அவள்தான், பயம் விட்ட சிரிப்பு. மாமாவுக்கே தெரியவில்லையா என்றாள். சகலை அவளை அதட்டினான். புது வண்டி, அண்ணன் எங்கே இதையெல்லாம் பார்த்திருக்கப் போகிறார் என்று எனக்காகப் பேசினான். அவன் பேசப் பேச நான் ஒரு முழம் குறைந்துகொண்டே போனேன்.

மூத்த மாப்பிள்ளைக்குப் புது வண்டி சங்கதி தெரியாது என்பது மறுநாளே மாமனார் வீட்டுக்குப் போய்விட்டது. யாரும் குத்திக் காட்டவில்லை. ஆனால் போன மாதம் மாமனார் தன் பழைய மொபெட்டைத் தள்ளிவிட்டு ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினார். அதை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றியது சகலை. என் கையில் கற்பூரத் தட்டைக் கொடுத்து நிற்க வைத்திருந்தார்கள். ஸ்கூட்டர், அதுவும் சத்தமே இல்லாத ஸ்கூட்டர், அதற்குக்கூட என்னைக் கூப்பிடவில்லை.

சகலை இப்போது எனக்குப் பாடம் நடத்துகிறான். வால் நழுவினால் எந்தச் சக்கரத்தை அது பிடிக்கும், எப்போது இன்ஜினை அடக்கும் என்று பொறுமையாக, விரலால் தொடையில் படம் போட்டுச் சொல்கிறான். வண்டிக்கு வந்த புத்தகத்தை உட்கார்ந்து படித்திருக்கிறான். பாதியில் நிறுத்தி, புரிகிறதா அண்ணா என்கிறான். நான் அப்படியா, அப்படியா என்று கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று வந்திருந்தான். போகும்போது தன் வண்டியிலிருந்து இரண்டு மூட்டைகளை இறக்கினான். தறிக் குடோன் சாக்கு, வாயை அவனே கோணி ஊசியால் தைத்திருந்தான், உள்ளே ஆற்று மணல். என் பழைய மூட்டைகள் கிழிந்து மணல் ஒழுகுவதைப் போன தடவையே பார்த்தானாம். அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, புது மூட்டைகளைப் பின்சக்கரத்துக்கு நேர் மேலே, சரியான இடத்தில் வைத்தான்.

"மழ வருதுங்ணா. உங்க வண்டிக்கு அந்த வெளக்கு இல்லீங்களே, எனக்குத்தான் தூக்கம் வாரதில்லீங்க," என்றான்.

அவன் வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றேன். இவனுக்கு யாரைப் பார்த்தும் வயிறு எரிவதில்லை. நேற்று ராத்திரி முழுக்க எனக்கு அதை நினைத்துத்தான் எரிந்தது.