குழாயைப் பிடுங்கிக் கூப்பிட்டவன்

தையல்காரியின் மகனுக்கு அழத் தெரியும், அழுகைக்குச் சத்தம்தான் கிடையாது. பிறந்ததிலிருந்தே நுரையீரல் சரியில்லை. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து, வென்டிலேட்டர் என்ற மூச்சு மெஷினோடு இணைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அப்பன் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவன். ஐந்து வயதில் பையனே ஒரு வழி கண்டுபிடித்தான். குழாயைப் பிடுங்கினால் அலாரம் வீட்டை இரண்டாக்கும், அம்மா ஓடி வருவாள். கொஞ்ச நேரம் சொந்த மூச்சில் தாங்குவான், கைகாரன்.

“மகாராஜா மணி அடிச்சிட்டாரு!” என்று முதலில் அவளும் சிரித்துக்கொண்டேதான் ஓடினாள். பொம்மை விழுந்தால் மணி, ஈ உட்கார்ந்தால் மணி, சும்மா அவள் முகத்தைப் பார்க்கவும் மணி. முன்னறையில் பள்ளிச் சீருடைகள் தைக்காமல் குவிந்தன.

அப்போதுதான் நாத்தனார் வந்தாள். நான்கு பெற்றவள், அந்தத் தெம்பில் ஊருக்கே புத்தி சொல்பவள்.

“கூப்பிட்ட உடனே ஓடினா தலைக்கு மேல ஏறி உக்காந்துக்குவான் அண்ணி. கொஞ்சம் கத்த விடுங்க.”

“அவன் எங்க கத்துறான்? மெஷின்தானே கத்துது.”

“ஏதோ ஒண்ணு கத்துது. விடுங்க.”

தையல்காரி மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். அலாரம் அடிக்கும்போது அறை வாசலில் நின்று, அவன் உதடு வெளுக்கிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழாயை மாட்டிவிட்டுக் கையில் ஓர் அடி வைத்தாள்.

“இனிமே பிடுங்குவியா?”

அவன் வாயைத் திறந்து அழுதான். சத்தம் வரவில்லை. இத்தனைக்கும் அவள் கெட்டவள் இல்லை.

சீக்கிரமே வழிக்கு வந்துவிட்டான். பொம்மை விழுந்தாலும் குழாயைத் தொடாமல் கிடந்தான். நாத்தனாருக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒரு மத்தியானம் மறுபடி அலாரம் அடித்தது.

“ஆரம்பிச்சிட்டாரு மகாராஜா,” என்றாள் தையல்காரி. கையிலிருந்த சட்டைக்கு ஒரு கையைத் தைத்து முடித்தாள். சத்தம் நிற்கவில்லை. பிடிவாதத்தைப் பார் என்று முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு கையையும் எடுத்தாள்.

அவள் உள்ளே போனபோது குழாய் கழன்றிருக்கவில்லை. குழாயின் உள்ளே சளி கட்டி அடைத்திருந்தது, அதற்குத்தான் மெஷின் கத்தியிருந்தது. பிள்ளை மூச்சு அடங்கிக் கிடந்தான். கழன்றால் அடி விழுமே என்று, இரண்டு கைகளாலும் குழாயைத் தொண்டையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தான். அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அவளால் அதைக் கழற்ற முடிந்தது.