சறுக்குக்கட்டைக்குக் காற்றடித்த கதை

காற்றை வைத்துப் பிழைக்கிறவனுக்கு எங்காவது ஒரு 'உஸ்' கேட்டால் போதும், அன்றைக்குச் சோறு இறங்காது. பஞ்சர் ஒட்டுகிறவர்கள், கம்ப்ரசர் வைத்துப் பெயிண்ட் அடிக்கிறவர்கள், வீட்டில் குக்கர் ரப்பரோடு மல்லுக்கட்டுகிறவர்கள் எல்லோரும் என் கட்சிதான். உங்களிடம் சொல்லி அழாமல் வேறு யாரிடம் அழுவது?

திண்டுக்கல்லில் நான் வைத்திருப்பது கதவுப் பட்டறை. நிலை, கதவு, சன்னல் என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பு. கன்னிவாடி வெயிலில் வளர்ந்த என் அக்கா மகள் ரீட்டா, வடக்கே பனிமலையில் பனிச்சறுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தாள். வேலை நிரந்தரமாக ஒரு பரீட்சை எழுத வேண்டும். எழுதுவது என்றால் காலால்தான். அதற்குப் பனியில் வழுக்கக் காலில் மாட்டுகிற நீளப் பலகை, அதாவது சறுக்குக்கட்டை, சொந்தமாக வேண்டும், அவளுடையதோ உடைந்துவிட்டது. லீவில் வந்தவள், அடியில் ஒட்டும் பிளாஸ்டிக் பட்டை, ஓரத்துக்கு எஃகுக் கம்பி எல்லாம் ஒரே ஒரு ஜோடிக்குக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "கதவு ஒட்டுறீங்கள்ல, இதையும் ஒட்டுங்க மாமா. பசை பிடிக்கலைன்னா இந்த வருசம் எனக்குப் பரீட்சை இல்ல" என்றாள்.

பெட்டி பிறந்தது

சறுக்குக்கட்டை கதவு மாதிரித் தட்டையாக இருந்து தொலைக்காது. முனை மேலே வளைந்திருக்கும். கதவு அமுக்கும் பிரஸ்ஸில் வைத்தால் அப்பளம்தான். அதனால் நானும் வெல்டர் பாண்டியும் சொந்தமாக ஒரு பெட்டி செய்தோம். மேலே ஓர் இரும்பு உத்திரம், கீழே ஒன்று. நடுவில் வளைவான மர அச்சு, அதன்மேல் பசை தடவிய பலகைகள், அதற்கும் மேலே பழைய இரும்புக்கடையில் கிடைத்த தீயணைப்பு வண்டிக் குழாய். குழாயின் இரண்டு முனையையும் இரும்புப் பட்டையால் கவ்வி, நட்டு முடுக்கிக் காற்றடித்தால், அது உப்பிப் பலகையை அச்சோடு அமுக்கும். பசை இறுக ஒரு பகல் ஆகும். அதுவரை காற்று குறையக் கூடாது.

நல்ல நேரம் பார்த்து, சூடம் காட்டி, வெறும் பெட்டிக்கு முதல் காற்று அடித்தோம். அடித்த வேகத்தில் குழாய் நாலா பக்கமும் சீறிவிட்டு, களைத்துப்போய்ப் படுத்துவிட்டது. ரீட்டா கேட்டாள்: "பூட்டுக்குப் பேர்போன ஊர்ல இம்புட்டுக் காத்தப் பூட்ட முடியலையா மாமா?"

தொட்டிக் குளியல்

சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். குழாய்க்கு மேல் துணி உறை இருப்பதால் எங்கே பார்த்தாலும் நுரை. சைக்கிள் ட்யூபை முக்குவது மாதிரி முக்கினால்தான் ஓட்டை தெரியும் என்றான் பாண்டி. ஆளைவிட நீளமான குழாயை எந்தச் சட்டியில் முக்குவது? சாணார்பட்டியில் அவன் மச்சான் தென்னந்தோப்பில் பெரிய தண்ணீர்த் தொட்டி இருந்தது. டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனோம்.

காற்றடித்த குழாய் தண்ணீருக்குள் போவேனா என்றது. இந்த முனையை அமுக்கினால் அந்த முனை எழுந்து நின்றது. வேறு வழியில்லாமல் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இருவரும் அதன்மேல் ஏறி உட்கார்ந்தோம். அது எங்களைச் சுமந்துகொண்டு தொட்டியை ஒரு வலம் வந்தது. கடைசியில் ஒரு முனையில் குமிழி வந்தது. கவ்வும் பட்டையின் விளிம்பில் இருந்த பிசிறு குழாயைக் கடித்திருந்தது. தேய்த்துவிட்டு, ரப்பர் வைத்து முடுக்கினால் தீரும். ஈரத்தோடு கரையேறிய எங்களைப் பார்த்து மச்சான் சொன்னார்: "எரும குளிப்பாட்டத்தான் எங்கிட்டத் தொட்டி கேப்பாங்க. நீங்க எருமையே இல்லாம குளிக்கிறீங்களே மாப்ள."

சீறியது யார்?

அதற்கப்புறமும் எங்கோ மெல்லிசாக ஒரு சீறல் இருந்தது. டீ குடிக்கப் போய்விட்டுத் திரும்பினால் பட்டறை வாசலில் கூட்டம். சுவரை ஒட்டியிருக்கும் டெய்லர் கடை செல்வி அக்கா, உள்ளே நல்ல பாம்பு சீறுகிறது என்று பாம்பு பிடிக்கிறவரையே வரவழைத்துவிட்டார். நாலு நாளாக அந்தச் சீறலோடு குடும்பம் நடத்தியவன் நான். ஆனாலும் கூட்டம் சொன்னதும் நம்பி, ரீட்டாவுக்கும் முந்திக்கொண்டு பெஞ்சுமேல் ஏறியவனும் நானேதான்.

பாம்பு பிடிக்கிறவர் கொக்கிக் கம்பியோடு குனிந்து, மரத்தூளை விலக்கி, சத்தத்தின் பின்னாலேயே போய், காற்று ஏறும் வால்வு முன்னால் நின்றார். தொட்டியிலிருந்து வந்து அதைத் திரும்ப மாட்டும்போது, காற்று கசியாமல் மரையில் டேப் சுற்றப் பாண்டி மறந்திருந்தான். பாம்புக்காரர் கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "பாம்புன்னா செத்த நேரம் சீறிட்டு மூச்சு வாங்கும்ணே. இது மூச்சே வாங்கல. என்னைய விட்ருங்க, பிளம்பரக் கூப்பிடுங்க."

எலுமிச்சம்பழம்

டேப் சுற்றினோம். காலையில் அடித்த காற்று சாயங்காலம் வரை அப்படியே நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மறுநாள் ஜோடியில் ஒன்றை ஒட்டினோம், அழகாக வந்தது. அதற்கு மறுநாள் இரண்டாவது. பசை தடவி, காற்றடித்து நிமிர்ந்ததும் கரண்ட் போய், கம்ப்ரசர் நின்றுவிட்டது. அன்றைக்குப் பராமரிப்பு மின்தடை. பசை சிந்தாமல் இருக்க நான் விரித்த பேப்பரிலேயே அந்த அறிவிப்பு இருந்தது.

"போனாப் போகுது, நம்ம காத்துதான் நிக்குமே" என்று நான் மார்தட்டி முடிப்பதற்குள் குழாயின் காற்றழுத்தம் காட்டும் மீட்டர் முள் இறங்கத் தொடங்கியது. மறுபடி உஸ். ரீட்டா முகம் வெளுத்துவிட்டது. ராத்திரி அவளுக்கு ரயில். இதை விட்டால் ஒட்டுவதற்கு வேறு பட்டையும் இல்லை. தேடினால், பெட்டியின் மேல் உத்திரத்தில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்து ஒரு கம்பியில் தொங்குகின்றன. ஊரே வந்து வேடிக்கை பார்க்கிறதே, கண் பட்டுவிடுமே என்று காலையில் பாண்டி கட்டியது. கம்பியின் நுனியை உத்திரத்துக்கும் குழாய்க்கும் நடுவே செருகியிருந்தான். குழாய் உப்பியதும் நுனி உள்ளே இறங்கிவிட்டது.

பாண்டி ஓட்டைமேல் ரப்பரை வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கிக்கொண்டு நின்றான். மிதித்துக் காற்றடிக்கும் பம்ப் ஒன்று என் பைக்கில் இருந்தது. நான் மிதித்தேன், ரீட்டா மிதித்தாள். செல்வி அக்கா வந்து, தையல் மிஷின் மிதித்துப் பழகிய காலால் எங்களைத் தள்ளிவிட்டு மிதித்தார். கரண்ட் வரும்வரை முள் இறங்கவில்லை. பசை பிடித்துவிட்டது. வெளுத்துப்போன கட்டைவிரல்களை உதறிக்கொண்டே பாண்டி சொன்னான்: "கண்ணு பட்டிருந்தா இதவிடப் பெருசாப் போயிருக்கும்ணே. ஒரு ஓட்டையோட போச்சுன்னு நெனச்சுக்கங்க."

பனியிலிருந்து

பரீட்சை நாளில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு கதவைத் தலைகீழாக மாட்டினேன். மத்தியானம் ரீட்டா போன் செய்தாள். பின்னால் ஒரே கூச்சல், இவளும் கத்தினாள்: "பாஸ் மாமா! ஒன்னு நேராப் போகுது, கரண்ட் போன கட்டை மட்டும் செத்த இடது பக்கம் இழுக்குது. அதுக்குத் தகுந்த மாதிரி நான் சாஞ்சுக்கிட்டேன், அதத்தான் அழகா வளையுறேன்னு எல்லாரும் கை தட்டுனாங்க!"

ஆக, ஐஸ்பெட்டிக்குள் தவிர வேறெங்கும் பனியைப் பார்த்திராத மூன்று பேர் வேர்க்க விறுவிறுக்க மிதித்தும் அமுக்கியும் அந்தப் பெண்ணை மலையிலிருந்து வழுக்க வைத்துவிட்டோம். நாங்கள்தான் இன்னும் மாடிப்படி இறங்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.