எண்பத்தெட்டு என்று போட்ட டயர்

நாமக்கல் பக்கம் ஒரு கோழித் தீவன மில்லில் பிக்கப் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். டயர்கள் தேய்ந்துபோனதும், முதலாளி மலிவாகக் கிடைத்தது என்று கார் டயர்களை வாங்கி வந்தார். அளவு ஒன்றுதான், பொருந்திவிட்டது.

மாட்டிய பஞ்சர் கடைக்காரர் மட்டும் என்னைத் தனியே அழைத்து, டயரின் பக்கவாட்டில் இருந்த எண்ணைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த நம்பருதானுங்க டயரு எவ்வளவு பாரம் தாங்கும்னு காட்டற குறி. பழசுல நூத்துக்கு மேல இருந்துச்சு, இதுல எம்பத்தெட்டு. பக்கத்து எழுத்து எவ்வளவு வேகம் போலாம்னு சொல்றது. மூட்டை ஏத்துனா வெடிச்சுருமுங்க."

மறுநாள் வண்டி நிறையத் தீவன மூட்டைகள். அவற்றின் மேல் மூட்டை இறக்கும் கூலி ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, "ஏறி எடப்பா" என்றார்.

நான் ஏறவில்லை.

"இது பாரம் தாங்காதுங்க."

"பழசை விட வேகமா ஓடற டயருப்பா இது!"

"வேகம் எதுக்குங்க? நாம ஏத்தறது மூட்டைங்க."

"அஞ்சாவது படிச்சவன் எனக்குச் சொல்ல வந்துட்டான்! ஓட்டு, இல்லாட்டி சாவியக் குடுத்துட்டு நடையக் கட்டு."

சாவியை பானெட் மேல் வைத்தேன். மேலே இருந்தவர்களைப் பார்த்து, "எறங்குங்கப்பா" என்றேன். ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

வேலை போயிற்று. இப்போது சங்ககிரியில் வேறொருவர் வண்டியை ஓட்டுகிறேன். சாவி வாங்கும் முன் குந்தி உட்கார்ந்து டயர்களைப் படிக்கிறேன். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு அதிகம் பேச வராது. மாட்டேன் என்று சொல்ல மட்டும் அன்று முதல் வருகிறது.