நல்லையா வாத்தியார் அடித்த குச்சிகள்

இலங்கை மலைநாட்டில் ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், சட்டம் சொல்லிவிட்டதே என்பதற்காக வெள்ளைக்காரத் துரை ஒரு பழைய கொட்டகையைப் பள்ளிக்கூடம் என்று காட்டி வைத்திருந்தார். பலகை கிடையாது, புத்தகம் கிடையாது. இருந்ததெல்லாம் நல்லையா வாத்தியாரும் முப்பது பிள்ளைகளும்தான். மனிதர் சளைத்தாரா? கல், இலை, புழு, பூச்சி என்று பிள்ளைகளையே பொறுக்கி வரச் சொல்லி அதையே பாடமாக்கினார். எதையாவது ஏன் என்று கேட்டால், "தெரியாது, பாப்போம்" என்பார். பிறகு எல்லோருமாகப் போய்ப் பார்ப்பார்கள்.

1912 மழைக்காலத்தில் பத்து வயதுப் பெரியாயி கேட்டாள்: "எங்க லயத்துக்கு மேல மண்ணு வெடிச்சிருக்கே, ஏன் வாத்தியாரே?"

"தெரியாது புள்ள, பாப்போம்."

லயம் என்ற கூலிக்காரர் வரிசை வீடுகளுக்கு மேலே இருந்த அந்த வெடிப்பின் இரு பக்கமும் பத்து ஜோடிக் குச்சி அடித்தார்கள். பெரியாயியும் அவள் தங்கை அங்கம்மாவும் தினமும் காலையில் குச்சிக்குக் குச்சி நூல் பிடித்து, அளவுக்கு முடிச்சுப் போட்டு வந்தார்கள். முதல் வாரம் ஒரு விரல் கூடியது. அடுத்த வாரம் நாலு விரல். வாத்தியார் நூலைத் தூக்கிக்கொண்டு துரையிடம் ஓடினார். துரை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க அ, ஆ சொல்லிக் குடுங்க வாத்தியாரே. மலைய நாங்க பாத்துக்கிறோம்" என்றார் பக்கத்தில் நின்ற, கூலியாட்களை மேய்க்கும் பெரிய கங்காணி.

பார்த்துக் கிழித்தார்கள்! வாத்தியார் பதுளை அரசாங்க அதிகாரியிடம் மனுக் கொடுக்கப் போய், இரண்டு நாள் கழித்துத் திரும்பினார். நேரே மேலே ஏறிப் பார்த்தார். ஒவ்வொரு குச்சி இருந்த இடத்திலும் ஒரு குழி! முழங்கால் ஆழத்தில் இருபது குழி, அத்தனையிலும் மழைத் தண்ணீர். தோட்டத்தில் குச்சி அடித்திருந்தால், தேயிலைக் கன்றுக்குக் குழி வெட்டு என்று அர்த்தம். அதைத்தான் குழிவெட்டும் ஆட்கள் செய்திருந்தார்கள்.

"தொரை அடிக்கச் சொன்ன குச்சின்னுல்ல நெனச்சோம்" என்று தலையைச் சொறிந்தான் அவர்களில் ஒருவனான முருகையா.

ஐயோ, இவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா வாத்தியார்! குழித் தண்ணீர் வெடிப்புக்குள் இறங்காமலிருக்க, பிள்ளைகளோடு சேர்ந்து கையாலேயே மண்ணை அள்ளிப் போட்டார். மழை விடவில்லை. லயத்தில் கதவு கதவாகப் போய், வெளியேறச் சொல்லிக் கெஞ்சினார்.

"எங்கிட்டுப் போறது வாத்தியாரே? லயத்த விட்டா எங்களுக்கு வேற எடம் ஏது?" என்றாள் பெரியாயியின் அம்மா.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து பெரியவர்கள் கொழுந்து பறிக்கவும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, மண் சரிந்து லயத்தின் மேல் இறங்கியது. கைப்பிள்ளையான தம்பியைப் பார்த்துக்கொள்ள அன்று பெரியாயி வீட்டில் நின்றிருந்தாள். இருவரின் உடலையும் மாலையில்தான் எடுத்தார்கள்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் திறந்தது. அங்கம்மா எழுந்து நின்றாள்.

"நாம குச்சி அடிக்காம இருந்திருந்தா மண்ணு சரிஞ்சிருக்காதா வாத்தியாரே?"

"தெரியாது புள்ள" என்றார் நல்லையா.

மிச்சத்தையும் சொல்வார் என்று பிள்ளைகள் காத்திருந்தார்கள். அவர் சொல்லவில்லை.