சித்தியின் பதின்மூன்று ஒட்டுகள்

எதிர்முனையில் இருப்பவர் முதல் பொய்யைச் சொன்னதும் சித்தி தொலைபேசியை வைத்துவிடுவார். இன்று காலை "உங்களுக்காகவே ஸ்பெஷலா..." என்று ஆரம்பித்தவருக்கு மூன்று விநாடி கிடைத்தது. அலுவலகக் கூட்டத்திலும் இதே கதைதான். "கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு" என்று யாராவது இழுத்தால், "முடியலைன்னு சொல்லுங்க. அடுத்தது யாரு?" என்பார். அவரிடம் முழு வாக்கியம் பேசி முடித்தவர்கள் எங்கள் மாடியில் குறைவு.

அவருடைய அக்கா மகள் இங்கே ஆறு மாதம் பயிற்சிக்கு வந்திருந்தாள். "சித்தி, சித்தி" என்று அவள் கூப்பிட்டது எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. பெண் போய்விட்டாள்; உறவு தங்கிவிட்டது. ஓய்வுபெற இரண்டு வருடமே இருக்கிற மேலாளருக்கும் இந்த நாற்பத்தைந்து வயதுக்காரர் சித்திதான். எதிர் மேசையில் உட்கார்ந்து கையேடு எழுதும் எனக்கும்.

எங்கள் நிறுவனம் மின்னணுக் கதவுப் பூட்டு செய்கிறது. பூட்டுக்குள் ரகசியக் குறியீட்டு வேலையைப் பார்க்கும் நிரல் நாங்கள் எழுதியதல்ல. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று உலகத்துக்கே திறந்து வைக்கப்பட்ட ஒன்று. ஆனால் அது பெரிய கணினிகளுக்கானது. எங்கள் பூட்டின் சிப்போ சுண்டுவிரல் நகம் அளவுதான். அதனால் ஒரு பிரதி எடுத்து, அங்கங்கே வெட்டி ஒட்டுப் போட்டு வைத்திருக்கிறோம். மொத்தம் பதின்மூன்று ஒட்டுகள். மூல நிரலில் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் பதின்மூன்றையும் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். அந்தத் தையல்தான் சித்தியின் உத்தியோகம்.

மூல நிரலைப் பராமரிப்பவர் எங்கோ கடல் தாண்டி இருக்கிறார். சித்தி அவரைப் பார்த்ததில்லை. ஆனாலும் சம்பந்தி என்றுதான் சொல்வார். "இந்த நிரல் அவங்க வீட்டுப் பொண்ணு. வாழறது நம்ம வீட்ல. அப்போ அவர் எனக்கு யாரு?" செவ்வாய்க்கிழமைதோறும் அவர் செய்த மாற்றங்களை வாய்விட்டுப் படித்து, "அடடா, அழகு!" என்றோ, "இதுக்கு என்ன அவசரம் சம்பந்தி?" என்றோ திரையோடு பேசுவார். பக்கத்து மேசைக்காரர் ஹெட்போன் மாட்டியிருப்பது பாட்டுக்காக இல்லை.

ஒட்டுகளைச் சம்பந்தி ஏற்றுக்கொண்டு மூலத்திலேயே சேர்த்துவிட்டால் தையல் வேலை மிச்சம். ஆனால் நம் வீட்டுக் கந்தலை அவ்வளவு பெரிய மனிதர் முன் எப்படி விரிப்பது? அந்தக் கூச்சத்திலேயே ஆறு வருடம் ஓடிவிட்டது. போன வாரம்தான், இருப்பதில் தனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றை மட்டும் நாலு தடவை படித்துப் பார்த்து அனுப்பினார்.

பதில் ஒரே வரி: "தவறான எழுத்தைக் கண்டதும் ஏன் நின்றுவிடுகிறது?"

சித்தியின் முகம் வெளுத்தது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். பூட்டு, தனக்கு வரும் குறியீட்டை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கும். முதல் எழுத்தே தப்பென்றாலும் கடைசி எழுத்து வரை படித்துவிட்டுத்தான் "இல்லை" சொல்ல வேண்டும். மூலத்தில் அப்படித்தான் இருந்தது. வேலைக்கு வந்த புதிதில் சித்திக்கு அது வீண் வேலையாகப் பட்டது. "தப்புன்னு தெரிஞ்ச அப்புறம் எதுக்குப் படிக்கணும்னு வெட்டிட்டேன். என் புத்தி!" இப்போது பூட்டு பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்தாலே, எத்தனை எழுத்து சரி என்று திருடனுக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிக் கதவைத் திறந்துவிடலாம்.

"வீட்ல என் பொண்ணு இதைத்தான் பண்றா," என்றவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பர்மிஷன் கேக்க வந்தா, எந்த வார்த்தையில நான் முறைக்கிறேன்னு பார்ப்பா. அதை மட்டும் மாத்திட்டுத் திரும்ப வருவா. மூணாவது தடவை சினிமாவுக்கு அனுப்பிருவேன்."

சிரிப்பு அதோடு சரி. ஆறு வருடமாக விற்ற பூட்டுகள் மருந்துக் கிடங்குகளிலும் வீட்டு வாசல்களிலும் இருக்கின்றன. இதுவரை யாரும் அந்த ஓட்டையைக் கண்டதாகத் தெரியவில்லை. அரைமணி நேரத்தில் சித்தி அதை அடைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை வெளியாகும் பதிப்பில் 'சிறு திருத்தங்கள்' என்று ஒரு வரி போட்டு முடித்துக்கொள்ளலாம் என்றார் மேலாளர். "உங்க பேரு கெடக் கூடாதுன்னுதான் சொல்றேன் சித்தி."

"அப்படிப் போட்டா யாரு சார் உடனே புதுப் பதிப்புக்கு மாத்துவாங்க? கதவு அவங்களுது. உள்ள தூங்கறது அவங்க புள்ளைங்க."

வாடிக்கையாளர்களுக்கான அறிவிப்பைச் சித்தி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "உடனே மாற்றுங்கள்" என்பது முதல் வரி. "தவறு எங்களுடையது" என்பது இரண்டாவது. மேலாளர் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். எனக்குச் சித்தியை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது. சொன்னால் திட்டுவார் என்பதால் சொல்லவில்லை.

அப்புறம் சம்பந்திக்குப் பதில் எழுத உட்கார்ந்தார். பட்டது போதும், இனி இந்த மனுஷி எதையும் வெளியே காட்டமாட்டார் என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். 'நன்றி' என்ற ஒற்றைச் சொல்லுக்குக் கீழே மீதிப் பன்னிரண்டு ஒட்டுகளையும் மொத்தமாக இணைத்து, "இவற்றிலும் நான் தவறு செய்திருக்கலாம், பாருங்கள்" என்று அடித்து, அனுப்பும் பொத்தானை ஓங்கித் தட்டினார்.