ராசாத்தாள் நிறுத்திய தறி

தார் சுற்றுவது ராசாத்தாளின் வேலை. இட்லியை இறக்கி வைத்த கையோடு வீட்டை ஒட்டிய தறிக்குடோனுக்குள் போய், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். குட்டிக் கட்டைகளில் நூல் ஏறும். அந்தக் கட்டைகள் படகு போன்ற நாடாவுக்குள் போய், எட்டுத் தறியிலும் குறுக்கே ஓடி ஓடித் துணியாகும்.

கருமத்தம்பட்டியில் அந்த வீதி முழுக்கத் தறிதான். குடோனுக்குள் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது என்பதால் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். அதில் ராசாத்தாளை மிஞ்ச ஆளில்லை. எதிர்வீட்டுச் சென்னியம்மாள் தன் வாசலில் நின்று முணுமுணுத்தால் கூட, "என்ற கொழம்பு உப்புக் கரிக்குதுன்னா சொல்றே?" என்று இங்கிருந்து பிடித்துக்கொள்வாள். வந்த புதிதில் மருமகள் பிரவீனா வாயைப் பிளந்திருக்கிறாள்.

அத்தைக்கு இடது காது மந்தம். "தறி தின்ன காது" என்பார் மாமனார் தம்பிதுரை. ரேஷன் கடை வரிசையில் சென்னியம்மாள் வேறு மாதிரி சொன்னாள்.

"தறியுமில்ல கிறியுமில்ல அம்மணி. உங்க மாமன் அந்தக் காலத்துல மொதல்ல எல்லாத் தறியையும் ஓட்டி உட்டுப்போட்டுத்தான் ஊட்டுக்குள்ள போவாரு. வீதிக்கே தெரியும். அடிக்கற சத்தந்தான் வெளிய வரலியே, நாங்க எப்படித் தடுக்கப் போறது?"

பிரவீனாவின் கணவன் மனோஜ்குமார் முதல்முறை கை நீட்டியபோது மறுநாள் பூ வாங்கி வந்தான். இரண்டாம் முறை வாங்கவில்லை. அதன்பிறகு அவள் துணிகளைப் பையில் அடைத்துக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள். காங்கேயத்துக்குப் பஸ் ஏறினால் அம்மா வீடு. ஆனால், "மாப்பிள்ளையா? அப்படிப்பட்ட பையனில்லையே" என்பார்கள். யாரைக் காட்டி நம்ப வைப்பது? பை அங்கேயே கிடந்தது.

அன்று அவள் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். "உங்கம்மாகிட்ட போன்ல என்னடி சொன்னே?" என்று வந்தான். தறிகள் ஓடிக்கொண்டிருந்த தைரியம், குரலை ஏற்றிக்கொண்டே போனான். சமையலறை ஜன்னல் குடோனைப் பார்த்திருப்பதும், அந்தப் பக்கம் ஸ்டூலில் இருப்பவள் யார் என்பதும் அவனுக்கு மறந்துபோயிற்று. ஓங்கி ஒரு அறை விட்டான்.

சத்தம் நின்றது.

கரண்ட் போனால் வீதியே அடங்கும். இது ஒரே ஒரு குடோன். மனோஜின் பேச்சில் மிச்சமிருந்தது தனியாக வாசலைத் தாண்டிப் போயிற்று. "...கொன்னுபோட்டுருவேன்டி!"

கரண்ட் இருக்கையில் தறி நின்றால் யாருக்கோ கை மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். ஆட்கள் ஓடி வந்தார்கள். சென்னியம்மாள் கையில் கரண்டியோடு முதல் ஆளாக நின்றாள்.

"ஆருக்கு என்னாச்சுங்க?"

மெயின் சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் ராசாத்தாள் சொன்னாள். "தறியில ஆருக்கும் ஒண்ணும் ஆகலைங்க. என்ற பையன் பொண்டாட்டிய அடிக்கறான். உங்க காதுலயும் உழுகட்டும்னு நிறுத்துனேன்."

குரல் ஏறவே இல்லை. கன்னத்தில் கை வைத்தபடி வாசலுக்கு வந்து நின்ற பிரவீனாவுக்கு எரிச்சல் மறந்து உடம்பு சிலிர்த்தது. வடம் பிடிக்க ஆளில்லாமல் தேர் தானாக நகர்ந்ததைப் பார்த்தவள் போல நின்றாள். மகன் கொலையே செய்தாலும் முந்தானையில் மூடிக் காக்கிற தாய்மார்களைத்தான் அவள் பார்த்திருந்தாள்.

மனோஜ் வெளியே வந்தான். "அம்மா, நாளைக்குத் துணிப் பீஸ் போகோணும். சுவிட்சப் போடுங்க."

"போடலாஞ் சாமி. பிரவீனா சொல்லட்டும்."

"அவ எதுக்குச் சொல்லோணும்?"

"ஏஞ் சாமி, உள்ள இருக்கறப்ப கொரலு கணீர்னு வந்துச்சு, வெளிய வந்ததும் கம்முதே?" என்றாள் சென்னியம்மாள். யாரோ சிரித்தார்கள். அவன் தலை குனிந்தது.

பிரவீனா உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். கட்டிலுக்கடியிலிருந்து பையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"எங்கண்ணனுக்குப் போன் பண்ணிப்போட்டேனுங்கத்தே. வந்து கூட்டிட்டுப் போவாரு. நான் ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் தறி ஓட வேண்டாங்க."

"சரி கண்ணு."

மத்தியானம் வீதித் தறிகளும் சாப்பாட்டுக்கு நின்றபோது, குடோனுக்குள் பல்லியின் சத்தம் கூடக் கேட்டது. பையை மடியில் வைத்துக்கொண்டு பிரவீனா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ராசாத்தாள் தறிகளில் அப்பியிருந்த பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். தம்பிதுரை உள்ளே வந்தார். நின்ற தறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சுவிட்சுக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏம் புள்ள... அன்னிக்கு நான் கை நீட்டுனப்பவும் சுவிட்சு இங்கயேதான இருந்துச்சு?"

மெதுவாகத்தான் கேட்டார். ராசாத்தாள் அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லும் தவறியிருக்காது என்று பிரவீனாவுக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அவள் குனிந்து அடுத்த தறியின் பஞ்சில் கை வைத்தாள். தம்பிதுரை தோள் துண்டை எடுத்து உதறிக்கொண்டு, நிலைப்படியைப் பிடித்து இறங்கி வெளியே போனார்.