தேவராணி மகன் சூசை

1. டிஸ்சார்ஜ்

பினாங்கில் ஓர் அரசாங்க மருத்துவமனையின் சமூக நலப் பிரிவில்தான் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. அங்கே எனக்குக் கடைசிவரை பிடிக்காத வேலை ஒன்று உண்டு. குணமான நோயாளியை அழைத்துப்போக யாரும் வராவிட்டால், அவருடைய சொந்தக்காரர்களை நாங்கள் தேடிப் பிடிக்க வேண்டும். பிடித்தபின் அவர்களை வரவைக்க வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம்.

ஒரு நாள் காலையில் ஆண்கள் வார்டு சிஸ்டர் போன் செய்தார்.

"மிஸ், கால் எடுத்த தாத்தாவுக்குப் புண்ணு ஆறிடுச்சு. டாக்டர் டிஸ்சார்ஜ் எழுதிட்டாரு. எங்க போறதுன்னு கேக்கிறாரு லா. நான் என்னா சொல்றது?"

அந்தத் தாத்தா சூசை, எண்பதைத் தாண்டியவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கி வாழ்ந்தவர். சர்க்கரை நோயில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. பாகான் டாலாமில் அவர் இருந்த அறையை, அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே வேறு ஆளுக்கு விட்டுவிட்டார்கள்.

கூடப் பிறந்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டேன். யாரும் இல்லை என்று தலையைத் திருப்பிக்கொண்டார்.

அடையாள அட்டையான ஐசியில் அவர் பெயர் ‘சூசை அனாக் லெலாக்கி தேவராணி’ என்று இருந்தது. அதாவது, மலாய் மொழியில், தேவராணியின் மகன். பக்கத்துக் கட்டில்காரர்கள் அவரை ராணி மகன் என்றே கூப்பிட்டுக் கேலி செய்தார்கள்.

"தேவராணி உங்க அம்மாவாய்யா?" என்று கேட்டேன்.

"அம்மாவும் இல்ல, அப்பாவும் இல்லம்மா. எங்க வம்சத்துப் பேரு. தெவெர்னே. எங்க பாட்டனுக்குப் பாட்டன் காரைக்கால்ல இருந்த பிரெஞ்சுக்காரன். ஹார்பர்ல பேரு பதியறப்ப ஆபீஸ் கிராணி காதுல விழுந்தத எழுதிட்டான். ஐசிலயும் அதுவே ஏறிடுச்சு."

வார்டே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஆனால் நம்பவும் இல்லை.

2. டீச்சர்

தேவராணி என்ற பெயரை வைத்துத் தேடியதில் ஒன்றும் கிடைக்கவில்லை. முதியோர் இல்லங்களுக்குச் சொல்லி வைத்தேன். எங்கும் இடம் இல்லை.

மாதா கோயிலிலிருந்து ஞாயிறுதோறும் நற்கருணை கொண்டுவரும் அம்மாவிடம் பேச்சுவாக்கில் இந்தப் பெயரைச் சொன்னேன். அவர் உடனே, "தெவெர்னேயா? எங்க பாரிஷ்ல ஜோஸ்பின் டீச்சர் பேரு அதுதான் மிஸ். ரிட்டையர் ஆனதிலேருந்து பிரெஞ்சு முன்னோரத் தேடறேன்னு பாண்டிச்சேரிக்கும் பிரான்சுக்கும் எழுதிக்கிட்டே இருக்காங்க" என்றார்.

ஜோஸ்பின் டீச்சருக்குப் போன் செய்து, காரைக்கால் தெவெர்னே குடும்பத்தைப் பற்றிப் பேசும் ஒரு முதியவர் எங்கள் வார்டில் இருக்கிறார் என்றேன். அவருக்கு மூச்சு வாங்கியது.

"மிஸ், இந்தப் பேர எத்தன விதமா எழுதி வெச்சிருக்காங்க தெரியுமா? ஞானஸ்நானத்துல ஒண்ணு, கல்யாணத்துல ஒண்ணு. தேவர்னே, தெவர்ணை, தெவெர்னெட். காரைக்கால் வரைக்கும் பிடிச்சிட்டேன். அங்கேருந்து பினாங்குக்கு யாரு வந்தாங்கன்னுதான் தெரியல. நான் உடனே வரேன்."

அந்த ஆர்வத்தைச் சொந்தத்தின் மேல் உள்ள ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன். சூசையிடம், "உங்க சொந்தக்காரங்க வராங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் முகச்சவரம் செய்யச் சொல்லி, ஆஸ்பத்திரி உடுப்புக்கு மேல் தன் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

3. விசிட்

டீச்சர் வந்தார். கையில் ஆரஞ்சுப் பை. போனில் ரெக்கார்டிங்கைப் போட்டுக் கட்டில் மேல் வைத்தார். சூசை பேசினார். தன் தாத்தா அருளப்பன் தெவெர்னே பினாங்குக்குக் கப்பலேறி வந்தது, அதற்கு முந்தைய தலைமுறையில் யார் யாரைக் கட்டினார்கள், எந்தப் பிள்ளை அம்மையில் போனது என்று எல்லாமே அவருக்குத் தெரிந்திருந்தது. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் தந்தை முன்னோர் கதை எதையும் சொன்னதே இல்லை என்றார்.

"உங்கப்பா பேரு என்னாம்மா?" என்று சூசை கேட்டார்.

"அந்தோணி. ஸ்கூல் வாத்தியாரா இருந்தாரு."

சூசை கட்டில் கம்பியைப் பிடித்து முன்னால் சாய்ந்தார்.

"இருக்கானா?"

"அப்பா இறந்து ரொம்ப வருஷமாச்சு."

"என் தம்பிம்மா அவன்" என்றார் சூசை. "படிப்பு நல்லா வந்துச்சு. மிஷன் ஸ்கூல்ல ஃபாதரு அவன் பேர மட்டும் சரியா எழுதிக் குடுத்தாரு. அவன் கல்யாணத்துக்குப் போனேன். ஹார்பர் ஆளுங்களுக்குப் பின்னால சாப்பாடுன்னு சொல்லிட்டான். சாப்பிடாம வந்துட்டேன். அப்புறம் போகல."

டீச்சர் ரெக்கார்டிங்கை நிறுத்தினார்.

"அப்பாவோட அண்ணன் சின்ன வயசுலயே காய்ச்சல்ல செத்துட்டாருன்னு வீட்டுல சொன்னாங்க" என்று மெல்லச் சொன்னார். சூசையிடமா, என்னிடமா என்று தெரியவில்லை.

"அவனுக்கு அப்படிச் சொல்ல வேண்டி இருந்திருக்கும். விடும்மா. நீ பெரியப்பான்னு ஒரு தடவ கூப்பிடு."

டீச்சர் கூப்பிட்டார். பிறகு, மறுபடி வருகிறேன் என்று எழுந்துவிட்டார். வராந்தாவில் நான் கேட்டேன்: "டீச்சர், கொஞ்ச நாளைக்காவது உங்க வீட்டுல வெச்சுக்க முடியுமா?"

"பிள்ளைங்ககிட்ட பேசணும் மிஸ்" என்றார்.

4. ஸ்பெல்லிங்

இந்த நாளுக்குள் பதில் சொல்கிறேன் என்று டீச்சரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சூசை மட்டும், "தம்பி மக கூட்டிட்டுப் போக வரா" என்று வார்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கேலி செய்தவர்கள் கேலியை நிறுத்தினார்கள். ஓர் இல்லத்தில் இடம் கிடைத்தபோது போக மாட்டேன் என்றார். டீச்சர் என் போனை எடுப்பதை விட்டிருந்தார்.

அதற்குள் சூசைக்கு நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் ஏறியது. நினைவு தப்புவதற்கு முன், "அவளுக்கு வழி தெரியுமில்ல?" என்று என்னைக் கேட்டார். தெரியும் என்றேன். அன்று மாலையே இறந்துவிட்டார்.

உடலைப் பெற்றுக்கொள்ள உறவினர் கையெழுத்து வேண்டும். வேறு நம்பரிலிருந்து அழைத்தேன். டீச்சர் எடுத்தார். அழுதார். பிறகு சொன்னார்:

"மிஸ், ஐசில அவரு பேரு தேவராணி. எங்கப்பா பேரு தெ வெர்னே. ஸ்பெல்லிங்கே வேற. சட்டப்படி அவரு எனக்கு யாரு? நான் எப்படி சைன் வைக்கிறது?"

அந்தப் பெயரின் எல்லா எழுத்து வேறுபாடும் ஒரே குடும்பம்தான் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அதை அவரிடம் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை வந்திருப்பாரோ என்று இன்றும் நினைக்கிறேன்.

கோயில்காரர்களே அடக்கம் செய்தார்கள். ஃபாதர், நற்கருணை கொண்டுவந்த அம்மா, நான், குழி வெட்டிய இருவர். மழை தூறியதால் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்தார்கள்.

5. அதற்குப் பிறகு

இந்த வேலைக்கு வரும் இளையவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொந்தக்காரர் கிடைத்ததும், அவர் எதற்காக வருகிறார் என்று கேளுங்கள். பார்த்துக்கொள்ள வருகிறாரா, பார்த்துவிட்டுப் போக வருகிறாரா என்று வாய்விட்டே கேளுங்கள். பதிலை அப்படியே நோயாளியிடம் சொல்லுங்கள். அது அவரை வருத்தும். ஆனால் கிடைத்த இல்லத்தை வேண்டாமென்று சொல்ல மாட்டார். சூசைக்குப் பிறகு நான் ஒருவரிடமும் "உங்க சொந்தக்காரங்க வராங்க" என்று வெறுமனே சொன்னதில்லை.

சில மாதங்கள் கழித்து டீச்சர் ஆபீசுக்குப் போன் செய்தார். குரல் தணிந்திருந்தது. குடும்ப மரத்தை அச்சடிக்கக் கொடுக்கப்போகிறாராம். சூசையின் இறந்த தேதி வேண்டும் என்றார்.

"எந்தப் பேர்ல போடப் போறீங்க டீச்சர்?"

"தெ வெர்னேன்னுதான் மிஸ். அதானே சரியான பேரு."

தேதியைச் சொன்னேன். அடக்கம் செய்த இடத்தையும் சொன்னேன், எந்த வரிசையில், எந்த மரத்துப் பக்கம் என்பது வரை. தேதியை எழுதும்போது திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தவர், இடத்தைச் சொன்னபோது ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எழுதினாரா என்று தெரியவில்லை.